ஒரு கூரையின் வரலாறு: சியாட்டில் நகரப் பிலிப்பினோ மக்களும் அவர்தம் சமூக மண்டபமும்

பழங்காலத்து மாளிகைகளையும் மண்டபங்களையும் கண்டு வியப்போர், அவற்றை எழுப்புவித்த மன்னரின் பெயரைக் கல்வெட்டிலே படித்து மகிழ்வர். கல் சுமந்தவன் யார், வரி செலுத்தியவன் யார் என வினவுவோர் மிகச் சிலரே. வரலாறு என்பது அரசர்களின் பெயர்ப் பட்டியல் அன்று என்பதை நாம் ஏற்றுக்கொண்டு நெடுங்காலமாயிற்று. எனினும் கட்டிடங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் பழைய வழக்கம் நம்மை விட்டு நீங்குவதில்லை. அவற்றின் அழகைப் பேசுகிறோம். அவற்றிற்கான செலவு எவருடைய உழைப்பிலிருந்து வந்தது என்பதைப் பேச மறந்து விடுகிறோம்.

இங்கு நாம் எடுத்துக்கொள்வது சிற்ப அழகு எதுவும் இல்லாத ஒரு கட்டிடத்தின் வரலாறாகும். ஐக்கிய அமெரிக்காவின் வடமேற்குக் கரையிலுள்ள சியாட்டில் நகரில், ரெய்னியர் பள்ளத்தாக்கு எனும் பகுதியில், பந்துருட்டு விளையாட்டுக்கென அமைந்திருந்த கூடம் ஒன்றை 1965 ஆம் ஆண்டு அந்நகரத்துப் பிலிப்பினோ மக்கள் விலைக்கு வாங்கினர். அதனைத் தமது சமூக மண்டபமாக மாற்றினர். திருமணம், பிரிவுபசாரம், நடனப் பயிற்சி, முதியோர்க்கு மதிய உணவு, சங்கத் தேர்தல், சச்சரவு ஆகிய அனைத்துக்கும் அதுவே இடமாயிற்று. செய்தி இவ்வளவே. ஆனால் அந்த ஆண்டைச் சற்று உற்று நோக்குமிடத்து இச்சிறிய செய்தியின் உட்பொருள் விளங்கத் தொடங்கும்.

அதற்கு முந்திய ஆண்டாகிய 1964 இல், வீடு விற்பதிலும் வாடகைக்குக் கொடுப்பதிலும் நிறபேதம் காட்டலாகாது எனும் சட்டமூலத்தைச் சியாட்டில் வாக்காளர்கள் இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் நிராகரித்திருந்தனர். 1968 வரையில் அத்தகைய சட்டம் அந்நகரில் நிறைவேறவில்லை. குடியுரிமைக்குத் தகுதியற்ற அந்நியர் நிலம் வைத்திருக்கலாகாது எனும் வாஷிங்டன் மாநிலத்தின் பழைய சட்டம், 1966 இல் மக்கள் வாக்கெடுப்பால் நீக்கப்படும்வரை ஏட்டிலே இருந்தது. பந்துருட்டு விளையாட்டைக் கட்டுப்படுத்திய அகில அமெரிக்க அமைப்போ 1950 வரை வெள்ளையரை மட்டுமே உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. நிலமும் வீடும் விளையாட்டும் நிறத்தால் பங்கிடப்பட்ட ஒரு நாட்டில், பிலிப்பினோ மக்கள் தமது பணத்தைக் கொண்டு ஒரு விளையாட்டுக் கூடத்தை அதன் நிலத்தோடு வாங்கியமை வெறும் கொள்வனவு அன்று. அப்பணம் எங்ஙனம் சேர்ந்தது என்பதை அறிய நாம் 1898 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

அவ்வாண்டு ஸ்பானியாவைப் போரில் வென்ற அமெரிக்கா, பாரிஸ் உடன்படிக்கையின்படி 2 கோடி டொலரைக் கொடுத்துப் பிலிப்பைன் தீவுகளைப் பெற்றுக்கொண்டது. விற்றவரும் வாங்கியவரும் அத்தீவு மக்களைக் கேட்கவில்லை. சுதந்திரப் பிரகடனம் செய்திருந்த அம்மக்கள் 1899 இல் ஆயுதம் ஏந்தினர். கொடிய போருக்குப் பின் அடக்கப்பட்டனர். துப்பாக்கியைத் தொடர்ந்து பாடப்புத்தகம் வந்தது. 1901 இல் 'தோமஸ்' எனும் கப்பலில் சுமார் 500 அமெரிக்க ஆசிரியர்கள் மணிலாவில் வந்திறங்கினர். சமத்துவத்தையும் லிங்கனையும் பற்றி ஆங்கிலத்திலே படித்த தலைமுறை ஒன்று கிராமங்களில் வளர்ந்தது. சட்டமோ அவர்களை அமெரிக்காவின் 'பிரசைகள்' என்றும் கூறவில்லை, அந்நியர் என்றும் கூறவில்லை. 'அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்டோர்' என்ற இரண்டுங்கெட்டான் நிலையில் அவர்களை வைத்தது. கப்பலேற அவர்களுக்குத் தடையில்லை, வாக்களிக்க உரிமையில்லை.

முதலாளித்துவத்திற்கு இத்தகைய நிலை எவ்வளவு வசதியானது என்பதை விளக்க வேண்டியதில்லை. 1882 இல் சீனத் தொழிலாளரின் வருகை தடுக்கப்பட்டது. 1907 ஆம் ஆண்டு இணக்கத்தின் பின் ஜப்பானியத் தொழிலாளரின் வரவு குறைந்தது. 1924 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் ஆசிய நாட்டவர்க்கு வாயிலை ஏறக்குறைய முற்றாகவே அடைத்தது. ஆனால் தோட்டத்திற்கும் ஆலைக்கும் கைகள் தேவைப்பட்டன. சட்டப்படி அந்நியர் அல்லாத பிலிப்பினோ இளைஞர்கள் அவ்விடத்தை நிரப்ப வந்து சேர்ந்தனர்.

சியாட்டில் துறைமுகம் அவர்களுடைய வாழ்க்கைச் சுற்றின் மையமாயிற்று. கோடையில் கப்பலேறி அலாஸ்காவுக்குச் சென்று சால்மன் மீனைப் பேணிகளில் அடைக்கும் ஆலைகளில் உழைப்பர். இலையுதிர் காலத்தில் யாக்கிமாப் பள்ளத்தாக்கின் ஆப்பிள் தோட்டங்களுக்குச் செல்வர். பின்னர் தெற்கே கலிபோர்னியாவின் வயல்களுக்கு இறங்குவர். குளிர்காலத்தில் கிங் வீதியை அண்டிய மலிவான விடுதிகளில் அடுத்த பருவத்திற்காகக் காத்திருப்பர். அலாஸ்காவுக்குப் போய் வருவோர் 'அலாஸ்கேரோ' என அழைக்கப்பட்டனர். ஆலைக்காரனுக்கும் தொழிலாளிக்கும் இடையே ஒப்பந்தக்காரன் நின்றான். ஆள் சேர்ப்பவனும், உணவு வழங்குபவனும், கடன் கொடுப்பவனும், சூதாட்ட மேசையை நடத்துபவனும் அவனே. பருவம் முடிந்து கூலியைக் கணக்குப் பார்க்கையில் தொழிலாளியின் கையில் எஞ்சியது சொற்பமாகவே இருந்தது. ஆலைகளில் இன வாரியாக வேலை பிரிக்கப்பட்டிருந்தது. உறங்கும் இடமும் உண்ணும் உணவும்கூட அவ்வாறே பிரிக்கப்பட்டிருந்தன.

இவர்களுக்குச் சொந்தமான கூரை எதுவும் இல்லை என்பதை நாம் இங்கு மனங்கொள்ள வேண்டும். 1927 இல் யாக்கிமாப் பள்ளத்தாக்கிலும் 1928 இல் வெனாச்சிப் பகுதியிலும் வெள்ளையர் கும்பல்கள் பிலிப்பினோத் தொழிலாளரைத் தாக்கி ஊரை விட்டுத் துரத்தின. பத்துப் பதினைந்து ஆடவர்க்கு ஒரு பெண் என்ற நிலையில் இருந்த அச்சமூகத்தில் பெரும்பாலோர்க்குக் குடும்பமும் இல்லை. நோயுற்றால் பார்ப்பதற்கு ஆளில்லை. இறந்தால் அடக்கம் செய்யப் பணமில்லை. ஆகவே அவர்கள் கூட்டாக எழுப்பிய முதல் நிறுவனம் கட்டிடம் அன்று; மரணச் செலவுக்கான பொது நிதியே ஆகும். ஒரே ஊரவர், ஒரே மாகாணத்தவர் சங்கம் அமைத்தனர். 'டிமாஸ் அலாங்' வீரர் சங்கம் போன்ற சகோதரத்துவ அமைப்புக்களும் 1920களில் அமெரிக்க மண்ணில் வேரூன்றின. 'டிமாஸ் அலாங்' என்பது தேசிய வீரராகிய ஹோசே ரிசால் பூண்டிருந்த புனைபெயர்களுள் ஒன்று. ஒருவன் வீழ்ந்தால் அனைவரும் சில்லறை போட்டு அவனைத் தூக்கும் இந்தப் பழக்கமே பின்னர் மண்டபம் வாங்கிய பழக்கமும் ஆகும்.

இனி, 1930களில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்து நோக்குவோம். 1933 ஆம் ஆண்டு சியாட்டிலில் பேணி ஆலைத் தொழிலாளரும் பண்ணைத் தொழிலாளரும் தமது சங்கத்தை நிறுவினர். பிலிப்பினோ மக்களின் தலைமையில் அமைந்த அத்தொழிற்சங்கத்தின் முதல் நோக்கம் ஒப்பந்த முறையை ஒழிப்பதாகும். 1936 டிசெம்பர் முதலாந் திகதி அதன் தலைவர் வேர்ஜில் டுயுங்கனும் செயலாளர் அவுரேலியோ சீமோனும் ஓர் உணவகத்தில் சுட்டுக்கொல்லப்பட்டனர். சுட்டவன் ஒப்பந்தக்காரர் ஒருவரின் உறவினன். எனினும் சங்கம் அழியவில்லை. 1930களின் இறுதிக்குள் ஒப்பந்தக்காரனின் இடத்தைத் தொழிற்சங்கத்தின் வேலை பகிரும் மண்டபம் பிடித்துக்கொண்டது. எவன் எந்த ஆலைக்குச் செல்வது என்பதைத் தொழிலாளரின் சங்கமே வரிசைப்படி தீர்மானித்தது. அவர்கள் பெற்ற முதல் 'மண்டபம்' அதுவே எனலாம்.

மற்றைய நிகழ்ச்சி 1935 இல் நிகழ்ந்தது. பிலிப்பைன் தீவுகளில் தன்னாட்சி அரசு தொடங்கிய அவ்வாண்டு, சியாட்டிலில் இருந்த பல்வேறு ஊர்ச் சங்கங்களையும் கழகங்களையும் ஒன்றிணைக்கும் பொது அமைப்பொன்று தோன்றிற்று. அதுவே பின்னர் 'சியாட்டில் பிலிப்பினோ சமூகம்' எனும் சங்கமாயிற்று. இதில் தொழிலாளியும் இருந்தான், மாணவனும் கடைக்காரனும் இருந்தனர், ஒப்பந்தக்காரனும் இருந்தான். தொழிற்சங்கம் வர்க்கத்தின் பெயரால் பிரித்தவர்களைச் சமூகச் சங்கம் இனத்தின் பெயரால் ஒரே மேசையில் அமர்த்தியது. அவ்விரண்டு அமைப்புக்களுக்கும் இடையே ஒற்றுமையும் முரண்பாடும் தொடர்ந்து இருந்து வந்தன. திரினிடாட் ரோஹோ போன்ற சிலர் இரண்டிலும் தலைமை வகித்தமையும் உண்டு.

இம்முரண்பாட்டை நிலவுரிமைப் போராட்டம் தெளிவாகக் காட்டுகின்றது. வாஷிங்டன் மாநிலம் 1921 இல் இயற்றிய அந்நியர் நிலச் சட்டம் முதலில் ஜப்பானியரைக் குறி வைத்தது. பிலிப்பினோ மக்கள் அந்நியர் அல்லர் என்பதால் அதில் அகப்படவில்லை. 1937 இல் அச்சட்டம் திருத்தப்பட்டு அவர்களும் உட்படுத்தப்பட்டனர். அதாவது அவர்களைத் தன் ஆட்சிக்கு உட்பட்டோர் எனக் கூறிய நாடே, உட்பட்டிருந்தும் நிலம் வாங்கலாகாது என விதித்தது. இதனை எதிர்த்து வழக்காடியவர் பியோ டிகானோ என்பவர். 1941 இல் மாநில உயர் மன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்து, அத்திருத்தத்தைச் செல்லாதது ஆக்கியது. இவர் தொழிலாளி அல்லர். ஆள் சேர்க்கும் தொழிலில் இருந்து செல்வராகியவர். சமூகச் சங்கத்தின் தலைமையிலும் இருந்தவர். தொழிற்சங்கம் ஒழிக்கப் போராடிய ஒப்பந்த முறையில் பணம் சேர்த்தவர் ஒருவரே, முழுச் சமூகத்திற்கும் நிலவுரிமையைத் திறந்துவிட்ட வழக்கை நடத்தினார். இதனை மறைப்பதும் வரலாறாகாது. இதனைக் கொண்டு ஒப்பந்த முறையை மன்னிப்பதும் வரலாறாகாது. நிறவெறிச் சட்டம் செல்வனையும் ஏழையையும் ஒன்றாக ஒடுக்கியபோது அவர்களை ஓரணியில் நிறுத்தியது. அச்சட்டம் நீங்கியபோது அவர்களிடையே இருந்த வேறுபாடு நீங்கவில்லை.

1946 ஆம் ஆண்டு பிலிப்பைன் நாடு சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் அமெரிக்காவிலிருந்த பிலிப்பினோ மக்கள் குடியுரிமை பெறவும் சட்டம் வழிவிட்டது. போரின் பின் மனைவியரும் பிள்ளைகளும் வந்து சேர, விடுதி அறைகளில் வாழ்ந்த ஆடவர் சமூகம் குடும்பங்களின் சமூகமாக மாறத் தொடங்கிற்று. பிள்ளைகள் பிறந்ததும் மண்டபத்தின் தேவை புதிய உருவம் எடுத்தது. தாய்நாட்டைக் காணாத அச்சிறுவர்க்கு அதன் ஆடலையும் பாடலையும் எங்கே கற்பிப்பது? வாடகைக்கு எடுத்த கூடம் இரவு முடிந்ததும் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டியது. 1957 இல் பிரெட் கோர்டோவா, டோரதி கோர்டோவா தம்பதியர் முதலியோர் இளைஞர்க்கென ஓர் அமைப்பைத் தொடங்கியமை இத்தேவையின் வெளிப்பாடே.

பணம் எவ்வாறு சேர்ந்தது? மாதச் சந்தா, விருந்து, நடன இரவு என்பனவற்றோடு, 'அரசி'ப் போட்டியும் முக்கிய வழியாயிற்று. ரிசால் உயிர்நீத்த டிசெம்பர் 30 ஆம் திகதி நினைவு விழா முதலியவற்றில் இளம்பெண் ஒருத்தியை விழா அரசியாகத் தெரிவு செய்வது அமெரிக்காவிலிருந்த பிலிப்பினோ சமூகங்களின் வழக்கம். வாக்குகள் விலைக்கு விற்கப்பட்டன. எப்பெண்ணின் குழுவினர் அதிக வாக்குச் சீட்டுக்களை விற்றனரோ அவள் முடி சூடினாள். சேர்ந்த பணம் பொது நிதிக்குச் சென்றது. இவ்வழக்கத்தை நாம் விமர்சனமின்றி ஏற்க இயலாது. பெண்ணைப் பணத்தால் அளப்பதும், கூலித் தொழிலாளியின் தனிமையை நிதியாக மாற்றுவதும் இதில் உண்டு. ஆயினும் மேடையில் நின்ற பெண்ணை மட்டும் நோக்கி, வீடு வீடாகச் சென்று சீட்டு விற்ற தாய்மாரையும் சகோதரிகளையும் காணாது விடுவது தவறாகும். விருந்துக்குச் சமைத்தவர்களும் ஆடை தைத்தவர்களும் பெண்களே. தலைவர்களின் பெயர்ப் பலகையில் அவர்கள் அருகியே காணப்படுவர். நிதியைச் சேர்த்த உழைப்பிலோ அவர்கள் பங்கு பெரிது.

இதே காலத்தில் தொழிற்சங்கம் கடும் புயலைச் சந்தித்தது. கம்யூனிச வேட்டை நிகழ்ந்த ஆண்டுகளில் அதன் முன்னணியாளர்களை நாடு கடத்த அரசு முயன்றது. எர்னெஸ்டோ மங்காவோங் என்பவரின் வழக்கில் 1953 இல் தீர்ப்பு வந்தது. பிலிப்பைன் தீவுகள் அமெரிக்க ஆட்சியில் இருந்தபோது வந்தவரை அந்நியர் எனக் கூறி நாடு கடத்தலாகாது என நீதிமன்றம் கூறிற்று. குடியேற்ற ஆதிக்கம் பிறப்பித்த இரண்டுங்கெட்டான் நிலையே இங்கு கேடயமாயிற்று. 1952 இல் இச்சங்கம் வெளியிட்ட ஆண்டு மலரின் ஆசிரியர் கார்லோஸ் புலோசான். 1946 இல் வெளிவந்த 'அமெரிக்கா நெஞ்சில் உள்ளது' என்னும் நூலால் புகழ்பெற்ற அவ்வெழுத்தாளர், 1956 இல் சியாட்டிலிலேயே நோயுற்று வறுமையில் மறைந்தார். பண்பாடு என்பது பின்னொரு நாளில் மண்டபத்திற்குள் வந்து பிறந்ததன்று என்பதற்கு இது சான்று. கப்பலின் அடித்தட்டிலும் ஆலைக் கொட்டிலிலும் தொழிற்சங்க அலுவலகத்தின் மேசையிலும் அது முன்னரே உயிர் பெற்றிருந்தது. மண்டபம் அதற்குக் கூரை கொடுத்தது, அவ்வளவே.

ஆக, 1935 இலிருந்து 1965 வரை முப்பது ஆண்டுகள் சென்றன. விளையாட்டுக் கூடத்தை வாங்கியபோது அதில் சேர்ந்திருந்தது அலாஸ்காக் கூலியும் ஆப்பிள் தோட்டத்துக் கூலியும் உணவகத்தில் தட்டுக் கழுவிய கூலியும் ஆகும். அது அமைந்திருந்த வீதியின் பெயர் 'எம்பயர் வே', அதாவது 'பேரரசு வீதி' எனப் பொருள்படும். பேரரசொன்றினால் விலைக்கு வாங்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் அவ்வீதியிலே தமக்கென ஓரிடத்தை விலைக்கு வாங்கினர். அவ்வீதி 1980களில் மார்ட்டின் லூதர் கிங் பெயரைப் பெற்றது.

பிலிப்பைன் கிராமங்களில் 'பயனிஹான்' என்றொரு வழக்கம் உண்டு. ஒரு குடும்பம் இடம்பெயரும்போது ஊரவர் திரண்டு மூங்கிற் கழிகளைச் செருகி, வீட்டையே தோளில் சுமந்து புதிய இடத்தில் இறக்குவர். சுமந்தவர்க்குக் கூலி இல்லை, உணவு உண்டு. சியாட்டிலில் நிகழ்ந்ததைப் பலரும் இவ்வழக்கத்தோடு ஒப்பிட விரும்புவர். ஒப்புமை பொருத்தமானதே. ஆனால் கிராமத்தில் சுமக்க ஒரு வீடு இருந்தது. இங்கோ அதனை வாங்கும் உரிமைக்கே முதலில் போராட நேர்ந்தது.

அதே 1965 இல் கலிபோர்னியாவின் டெலானோ நகரில் வேறொரு பிலிப்பினோ மண்டபத்தில் கூடிய திராட்சைத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்யத் தீர்மானித்தனர். செப்டெம்பர் 8 ஆம் திகதி அது தொடங்கிற்று. சில நாட்களில் மெக்சிக்கத் தொழிலாளரும் இணைந்தனர். ஐந்து ஆண்டுகள் நீடித்து, 1970 இல் அது வென்றது. அதன் தலைவர்களுள் முதன்மையானவராகிய லாரி இட்லியோங் இளமையில் அலாஸ்கா ஆலைகளில் உழைத்தவர். விருந்துக்கும் நடனத்துக்கும் என எழுப்பப்பட்ட கூரையின் கீழேயே ஒரு நாட்டின் தொழிலாளர் வரலாறு திரும்பியது. மக்கள் கூடுவதற்கு ஓரிடம் இருப்பின் அங்கு என்ன நிகழும் என்பதை அதனைக் கட்டியவர்களாலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

மண்டபம் கிடைத்ததால் முரண்பாடுகள் தீர்ந்துவிடவில்லை. 1972 இல் பிலிப்பைன் நாட்டில் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தபின் சியாட்டில் சமூகமும் இரண்டுபட்டது. அரசியல் பேசாது பண்பாட்டை மட்டும் பேணுவோம் என்றோர் ஒருபுறமும், ஊமையான பண்பாடு எதற்கு என வினவிய இளைஞர் மறுபுறமும் நின்றனர். சங்கத் தேர்தல்களிலும் இப்பிளவு எதிரொலித்தது. 1981 ஜூன் முதலாந் திகதி, பழைய பேணி ஆலைத் தொழிற்சங்கத்தைச் சீர்திருத்த முனைந்த சில்மே டொமிங்கோ, ஜீன் வியர்னெஸ் என்னும் இரு இளைஞர்கள் சங்க அலுவலகத்திலேயே சுடப்பட்டு உயிரிழந்தனர். அவர்கள் மார்க்கோஸ் ஆட்சியையும் எதிர்த்தவர்கள். 1989 இல் அமெரிக்க நீதிமன்றமொன்றின் யூரிமார் இக்கொலைகளுக்கு மார்க்கோசைப் பொறுப்பாளியாகக் கண்டனர். 1936 இல் வீழ்ந்தவர்களையும் 1981 இல் வீழ்ந்தவர்களையும் நினையாது ஆடலையும் உணவையும் மட்டும் காட்டும் மண்டபம், தன் அடித்தளத்தையே மறந்த மண்டபமாகும்.

இவ்வரலாற்றின் அண்மைய ஏடு நம் சிந்தனைக்கு உரியது. 2021 ஆம் ஆண்டு, அதே சமூக மண்டபத்தின் அருகில், குறைந்த வருவாயுள்ள முதியோர்க்கென தொண்ணூறுக்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்ட கட்டிடம் திறக்கப்பட்டது. பெருநிறுவனங்களின் வருகையால் சியாட்டிலில் வாடகை ஏறி, எளியோர் நகரை விட்டு வெளியேற நேர்ந்துள்ள காலம் இது. விடுதி அறைகளில் முதுமை எய்தி, உறவினரின்றி இறந்த அலாஸ்கேரோக்களின் நினைவு அச்சமூகத்திற்கு இல்லாதிருந்தால் இத்தகைய கட்டிடம் தோன்றியிருக்குமா என நாம் எண்ணிப் பார்க்கலாம். இதற்குப் பொது நிதியும் வேண்டியிருந்தது. ஆனால் அந்நிதியைக் கேட்டுப் பெறுவதற்கு ஓர் அமைப்பும், நிற்பதற்கு ஒரு நிலமும் இருந்தமை, வாக்குச் சீட்டு விற்ற பெண்களாலும் கூலியில் ஒரு டொலரை ஒதுக்கிய தொழிலாளராலும் வந்ததாகும்.

பண்பாட்டு மண்டபம் என்றதும், உண்டு உடுத்தபின் எஞ்சிய செல்வத்தில் எழுப்பும் அலங்காரம் என எண்ணுவோர் உளர். சியாட்டிலின் வரலாறு அவ்வெண்ணத்தை மறுக்கின்றது. எஞ்சிய செல்வம் அம்மக்களிடம் என்றும் இருந்ததில்லை. மரணச் செலவிலிருந்து வேலை உரிமைக்கும், அதிலிருந்து நிலவுரிமைக்கும், அதிலிருந்து மண்டபத்திற்கும், மண்டபத்திலிருந்து முதியோர் இல்லத்திற்கும் சென்ற ஒரே பாதையைத்தான் நாம் இங்கு கண்டோம். ஒரு கூரையை மதிப்பிட விரும்புவோர், அதன் வாயிலிற் பொறித்த பெயர்களைப் படித்தபின் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். எவருடைய கூலியிலிருந்து இது எழுந்தது? அவர்களும் அவர்தம் வழியினரும் இன்று இதனுள் தடையின்றி நுழைய முடிகிறதா? இரண்டாவது கேள்விக்கு ஆம் என விடை கூறக்கூடிய கட்டிடங்கள் உலகில் அதிகமில்லை. மேற்குலகின் ஒரு மூலையில் மீன் பேணிகளை அடுக்கிய கைகள் அத்தகையதொன்றை வாங்கி வைத்துள்ளன. அதன் கதவைத் திறந்து வைத்திருக்கும் பொறுப்பு அவர்களுடைய பேரப்பிள்ளைகளைச் சார்ந்தது.